முதல் கிராண்டுக்கு முன்னால் ஒரு நோட்டு

போன வாரம் நைட் டியூட்டி முடித்துவிட்டு நீ போன் செய்தபோது உன் குரலே இறங்கிப்போயிருந்தது. "அக்கா, பேப்பர் இருந்தாத்தான் அசோசியேட் ஆக முடியுமாம். கிராண்டுக்கு எழுதுங்கன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்றாங்க. ஓ.பி.யில இருந்து நிமிர்றதுக்குள்ள மணி ரெண்டாகுது. எங்க இருந்துக்கா ஆரம்பிக்கிறது?" என்றாய். நான் பாதி சொல்வதற்குள் பையன் அழுதான், வைத்துவிட்டாய். மீதியை எழுதியே தந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிற தங்கச்சிகளும் தம்பிகளும் எல்லா மெடிக்கல் காலேஜிலும் இருக்கிறார்கள். இது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் வார்த்தை: பணத்தைத் தேடிக்கொண்டு கிளம்பாதே. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரு அறிவிப்பு வரும், கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும், அதற்கேற்ற மாதிரி ஒரு தலைப்பை அவசரமாகப் பிடிப்பார்கள். படிக்கிற நிபுணருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும், இவருக்கு இந்தக் கேள்வியோடு ஒரு நாள் பழக்கம்கூட இல்லை என்று. முடித்துக் காட்டிய ஒரு சின்ன வேலை கையில் இருக்கிறவருக்குத்தான் பெரிய வேலைக்குப் பணம் கொடுக்க மனசு வரும். அந்தச் சின்ன வேலைக்குப் பெரும்பாலும் பணமே தேவைப்படாது.

கேள்வி உன் வார்டில் இருக்கிறது

நான் மெடிசினில் சேர்ந்த புதிதில், மழைக்காலத்தில் பாம்புக்கடி கேஸ் வராத இரவு குறைவு. கேஸ் ஷீட்டில் "பாம்பு கடித்து வந்தார்" என்று இருக்கும். எத்தனை மணிக்குக் கடித்தது என்று இருக்காது. இருந்தாலும் "இரவு" என்று ஒரே சொல்தான். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து ஏழு கட்டம் போட்டேன். கடித்த நேரம், எந்த ஊர், முதலில் எங்கே போனார்கள், காலில் எதையாவது கட்டினார்களா, கேஷுவாலிட்டிக்கு வந்த நேரம், இருபது நிமிடத்தில் ரத்தம் உறைந்ததா, முதல் ஏ.எஸ்.வி. ஏற்றிய நேரம். அவ்வளவுதான். நோட்டின் மூலையில் துளை போட்டு, நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த மேஜையில் கட்டாத பேனா ஒரு ஷிப்டைத் தாண்டாது. டியூட்டி நர்ஸ் அக்கா ஒருவர், "டாக்டர், அந்த டெஸ்ட் டியூப் கழுவினதா புதுசான்னும் ஒரு கட்டம் போடுங்க, சோப்பு ஒட்டியிருந்தா ரத்தம் உறையாத மாதிரி காட்டும்" என்றார். எட்டாவது கட்டம் அவருடையது. எனக்குத் தோன்றியிருக்காது.

மூன்று மாதம் கழித்துப் புரட்டியபோது, நாங்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே சொல்லிவந்த ஒரு விஷயம் ஆட்டம் கண்டது. நாட்டு வைத்தியரிடம் போய்த்தான் நேரத்தை விடுகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். நோட்டில் இருந்த பலருக்கு நேரம் போனது ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பியதிலும், அங்கிருந்து எங்களிடம் அனுப்பியதிலும்தான். அப்போதுதான் என்னிடம் ஒரு கேள்வி பிறந்தது. அதற்கு முன்னால் இருந்தது தலைப்பு மட்டும்தான்.

இப்போது பார். 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்கென்று ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் தமிழ்நாடு, பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக்கியது. அரசின் கவனம் ஒரு பக்கம் திரும்பும்போது ஆராய்ச்சிப் பணமும் அந்தப் பக்கம் வரும். அந்த நேரத்தில் எட்டுக் கட்ட நோட்டு கையில் இருக்கிறவர் எழுதுகிற புரபோசல், நேற்று ஆரம்பித்தவர் எழுதுவதுபோல இருக்காது. உனக்குப் பாம்புக்கடிதான் என்றில்லை. பிரசவ வார்டில் ரத்தம் வர எத்தனை நிமிடம் ஆகிறது, சர்க்கரை ஓ.பி.க்கு இரண்டாம் மாதம் வராமல் நின்றுபோகிறவர்கள் யார், ஐ.சி.யூ.வில் எந்த ஆன்டிபயாடிக் முதல் நாளே ஓடுகிறது? நீ தினமும் பார்த்து அலுத்துக்கொள்கிற விஷயம் எதுவோ, அதுதான் உன் கேள்வி.

சென்னையில் 1956-ல் ஆரம்பித்த காசநோய் ஆய்வை நினைத்துப் பார். சானடோரியத்தில் படுக்கை போதவில்லை, நோயாளிகள் ஏராளம். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்பதுதான் கேள்வி. படுக்கைப் பற்றாக்குறையில் பிறந்த கேள்வி அது. 1959-ல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குக் குறைந்ததில்லை. கூட இருந்தவர்களுக்கும் தொற்று அதனால் கூடவில்லை என்று பிறகு தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. அந்த நிலையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நம் ஊர் கேள்வி சின்னக் கேள்வி என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான்.

சின்னப் பணத்தை முதலில் வாங்கு

உன் நோட்டில் கேள்வி வந்துவிட்டது என்று வைத்துக்கொள். அடுத்தது ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ்., அதாவது எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான குறுகியகால ஆராய்ச்சித் திட்டம். 1979-லிருந்து நடக்கிறது. மாணவர் இரண்டு மாதம் வேலை செய்ய வேண்டும். கைடாகக் கையெழுத்துப் போடுகிறவர் நீ. உதவித்தொகை மாணவருக்குத்தான், உனக்கு ஒரு ரூபாய் இல்லை. இருந்தாலும் செய். கேள்வியை இரண்டு பக்கத்தில் சுருக்குவது, எத்திக்ஸ் அனுமதி வாங்குவது, தேதிக்குள் ரிப்போர்ட் அனுப்புவது என்று கிராண்டின் அத்தனை படியும் அதில் சின்ன உருவத்தில் இருக்கிறது. ஆர்வமுள்ள இரண்டாம் வருட மாணவி ஒருத்தி கிடைத்தால், உன் நோட்டு உன்னைவிட வேகமாக வளரும்.

பி.ஜி. மாணவரின் தீசிஸை வீணாக்காதே. மூன்று வருட உழைப்பு, பைண்டிங் போட்டு லைப்ரரி அலமாரியில் தூங்குகிறது. தீசிஸுக்கென்றே ஐ.சி.எம்.ஆரில் நிதியுதவி உண்டு. காசநோய் சம்பந்தப்பட்டது என்றால், தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மெடிக்கல் காலேஜ்களுக்கான டாஸ்க் ஃபோர்ஸ் வழியாக மாநில அளவிலேயே சின்ன ஆய்வுகளுக்கும் தீசிஸுக்கும் பணம் கேட்கலாம். உன் காலேஜில் அந்தக் கமிட்டியில் நெஞ்சக மருத்துவத்திலிருந்தோ கம்யூனிட்டி மெடிசினிலிருந்தோ ஒருவர் கட்டாயம் இருப்பார். நாளைக்கே போய்ப் பார். சர்க்கரை என்றால் ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. போன்ற சங்கங்களே ஆய்வுக்குப் பணம் தருகின்றன. உன் துறைச் சங்கத்தின் செய்திமடலை இனிமேல் குப்பைக்கூடையில் போடாதே. தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்கள் உள்ளேயே விசாரிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், பலவற்றின் அடியில் "ஃப்ளூயிட் ரிசர்ச்" என்ற அவர்களுடைய சொந்த உள்நிதிக்குத்தான் நன்றி சொல்லியிருப்பார்கள். அங்கே பலருடைய ஆராய்ச்சிக்கு விதைப்பணம் அப்படித்தான் கிடைத்தது.

அரசுக் கல்லூரி என்றால் இன்னொரு விஷயம். 2013-லிருந்து மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை, எம்.ஆர்.யூ. என்ற ஆராய்ச்சிப் பிரிவுகளை அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஏற்படுத்தி வருகிறது. மெஷினும் சயின்டிஸ்டும் அங்கே இருப்பார்கள். ஆனால் கிளினிக்கல் துறையிலிருந்து கேள்வியோடு போகிறவர்கள் குறைவு. உன் காலேஜில் அது இருந்தால், அந்தக் கதவு எந்த மாடியில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடி. சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து வருடம் வேலை பார்த்தும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கதவுகள்

சின்னதில் ஒன்றை முடித்துப் பேப்பரும் வந்துவிட்டால், ஐ.சி.எம்.ஆரின் எக்ஸ்ட்ராமியூரல் திட்டங்களைப் பார். "ஸ்மால் கிராண்ட்" என்று பெயர் இருந்தாலும் அது 2 கோடி ரூபாய் வரை போகும். அதற்கு மேலே 8 கோடி வரை "இன்டர்மீடியட்". அதற்குப் பல ஊர் மையங்கள் சேர்ந்துதான் வர முடியும். முதலில் கான்செப்ட் மட்டும் கேட்பார்கள், தேறினால்தான் முழு புரபோசல். எல்லாமே இணையவழி. வருடம் முழுக்கத் திறந்திருக்கிற வாசல் இல்லை, அறிவிப்பு வந்தால்தான். அதனால்தான் கேள்வி முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

முன்பு செர்ப் என்று இருந்த மத்திய ஆராய்ச்சி நிதி வாரியத்தை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்த்துவிட்டார்கள். இளம் ஆசிரியர்களுக்கு அங்கே பிரதமர் பெயரில் எர்லி கரியர் கிராண்ட் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 60 லட்சம் வரை. எம்.டி., எம்.எஸ். படித்தவர்களும் கேட்கலாம். பி.எச்டி. படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து நம் ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

இந்தியா அலையன்ஸ் என்பது வேறு வகை. மத்திய பயோடெக்னாலஜி துறையும் லண்டனில் இருக்கிற வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது, அலுவலகம் ஹைதராபாத்தில். டாக்டர்களுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் தனி ஃபெல்லோஷிப் வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தை அனுமதித்தது. அதில் 1,000 கோடி நம் அரசுடையது, 500 கோடி வெல்கமுடையது. இங்கே பணம் ஆய்வுக்கு மட்டும் இல்லை, ஆளுக்கும்தான். உன்னை ஒரு ஆராய்ச்சியாளராக வளர்ப்பதற்காகத் தருவது. அதனால் உன் நிறுவனம் ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கித் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மாதம் முன்பே டீனிடமும் துறைத்தலைவரிடமும் பேசிவிடு. கடைசி வாரத்தில் அந்தக் கடிதத்தைக் கேட்டு நிற்பது நல்ல பழக்கமில்லை, பெரும்பாலும் கிடைக்கவும் கிடைக்காது.

உன் மனதில் கருவி ஏதாவது இருந்தால், உதாரணத்துக்கு ஒரு மலிவான சலைன் ஸ்டாண்ட் அலாரம் மாதிரி, மத்திய அரசின் பயோடெக் நிறுவனமான பைராக்கின் பிக் கிராண்ட் 50 லட்சம் வரை தருகிறது. தனியாக இறங்காதே, இன்ஜினியரோடு சேர். சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவக் கருவிகளுக்கென்றே எச்.டி.ஐ.சி. என்று ஒரு மையம் இருக்கிறது.

கல்யாணம், பிரசவம், வீட்டில் வயதானவர்கள் என்று வேலையில் இடைவெளி விட்ட பெண்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறையிலும் இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிற பெண்களுக்கென்றே திட்டங்கள் இருக்கின்றன. பல கிராண்டுகளில் பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வும் உண்டு. "எனக்கு வயசாயிடுச்சுக்கா" என்று சொல்லி விண்ணப்பமே போடாமல் விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் வரம்புக்குள்தான் இருந்தார்கள். யாரோ சொன்னதை நம்பாதே, அறிவிப்பின் கடைசிப் பக்கம் வரை நீயே படி.

புரபோசலை எழுதும்போது

தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை எழுதினேன். பால்காரர் வருவதற்கு முன்னால் முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று வைத்திருந்த எந்த ஞாயிறும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் ஒரே ஒரு பக்கம் எழுது. என்ன தெரியவில்லை, அது தெரியாததால் யாருக்கு என்ன நஷ்டம், நீ எப்படிக் கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்தால் வார்டில் என்ன மாறும். இந்த நான்குக்கும் பதில் இருக்க வேண்டும். உன் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். நான் மயக்கவியல் துறையில் இருந்த என் தோழியிடம் கொடுத்தேன். "அப்ஜெக்டிவ் ஒம்பது இருக்கு. நீ ஒரே ஆளுதானே?" என்றாள். மூன்றாகக் குறைத்தேன். அதற்கப்புறம்தான் அது தேறியது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிந்தவரை டேட்டா எடுத்த பிறகு தேடாதே. எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கில் இருந்தே அவர் உன்னோடு இருக்க வேண்டும், பெயரையும் டீமில் போடு. சாம்பிள் சைஸ் கணக்குக்கு உன் நோட்டில் இருக்கிற எண்களே போதும். அங்கேதான் நோட்டு தன் விலையைத் திருப்பித் தருகிறது. ஆய்வு முறை கற்றுக்கொள்ளச் சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. பயோமெடிக்கல் ரிசர்ச் அடிப்படைக் கோர்ஸை இணையவழியில் நடத்துவது அவர்கள்தான். புரொமோஷனுக்குச் சர்டிபிகேட் வேண்டுமே என்று வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் வேறு வேலை பார்க்காதே. சாம்பிள் சைஸ் பாடத்தையும் புரோட்டோகால் எழுதும் பாடத்தையும் இரண்டு தடவை கேள். உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்ட் இட் (SORT IT) என்ற பயிற்சியும் நல்லது; கேள்வியோடு உள்ளே போகிறவர் கட்டுரையோடு வெளியே வர வேண்டும் என்பது அவர்கள் விதி, ஒரு கட்டத்தில் தவறினால் அடுத்ததுக்கு விடமாட்டார்கள்.

பட்ஜெட்டில் எல்லோரும் மெஷினை முதலில் போடுவார்கள். நீ ஆளை முதலில் போடு. டேட்டா எடுக்க, போனில் நோயாளியைக் கூப்பிட, எக்செல்லில் ஏற்ற ஒரு ஆள் இல்லை என்றால், அந்த வேலை முழுக்க உன் தலையிலோ உன் பி.ஜி.யின் தலையிலோ விழும். புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட், ரிசர்ச் சயின்டிஸ்ட் என்று ஐ.சி.எம்.ஆர். பதவியும் சம்பளமும் வகுத்து வைத்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போடு. ஃபாலோ-அப்புக்கு வருகிற நோயாளியின் பஸ் செலவைப் போட மறக்காதே. எங்கள் ஊரில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. அதைக் கொடுக்காமல் "லாஸ்ட் டு ஃபாலோ-அப்" என்று எழுதுவது நியாயமில்லை. மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வருடப் பராமரிப்புச் செலவு, அதை வைக்கிற அறை, ஏ.சி., யூ.பி.எஸ். எல்லாவற்றையும் யோசித்த பிறகு எழுது.

எத்திக்ஸ் கமிட்டியைக் கடைசிக் கையெழுத்தாக நினைக்காதே

2019-ல் வந்த புதிய மருந்துகள், கிளினிக்கல் டிரையல் விதிகளின்படி, மருத்துவ ஆராய்ச்சியைப் பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டியே அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். உன் கமிட்டியின் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டு வைத்துக்கொள். டிரையல் என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய டிரையல் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்துவிட வேண்டும். 2018 ஏப்ரல் 1-லிருந்து பின்னால் போய்ப் பதிவு செய்யவே முடியாது. வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ என்றால், சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டிக்கும் போக வேண்டும். அதற்கு ஆகிற மாதங்களையும் டைம்லைனில் காட்டு.

சம்மதப் படிவத்தைப் பற்றி ஒரு சம்பவம். என் முதல் படிவத்தை இங்கிலீஷில் எழுதி, அதை அகராதித் தமிழில் மாற்றி வைத்திருந்தேன். மகனுக்குப் பாம்பு கடித்து உடன் வந்திருந்த ஒரு அம்மா, நான் படிக்கப் படிக்கக் கேட்டுவிட்டு, மையொட்டிய பெருவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாயி, ரேகை வச்சா நிலம் ஏதும் போயிராதுல்ல?" என்று கேட்டார். அவர் கை நடுங்கியது. மையைத் துடைத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். அன்று அவரைச் சேர்க்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து முழுப் படிவத்தையும் மாற்றினேன். "உங்க பையனுக்கு எப்பவும் தர்ற வைத்தியம் அப்படியே நடக்கும். நாங்க சில கேள்வி கேட்போம், எழுதி வச்சுக்குவோம். வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது." அந்த மூன்று வரி முதல் பக்கத்தின் உச்சியில் போனது. வார்டு ஆயாம்மாவிடம் படித்துக் காட்டி, அவருக்குப் புரிந்த பிறகுதான் கமிட்டிக்கு அனுப்பினேன். நீயும் அப்படியே செய். ரேகை வைப்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அதை நர்ஸை வைத்தோ பி.ஜி.யை வைத்தோ சமாளிக்கப் பார்க்காதே.

பணம் வந்த பிறகுதான் வேலை

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மனசு பதறும். என் முதல் பெரிய கிராண்டில் முதல் தவணை வந்தது, ஆள் போட்டேன், வேலை நன்றாக ஓடியது. மார்ச் மாதம் யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுத்துவிட்டேன், அனுப்பிவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். அந்தக் கோப்பு ஒரு மேஜையில் நான்கு மாதம் கிடந்தது. இரண்டாம் தவணை வரவில்லை. என்னை நம்பி வேறு வேலையை விட்டு வந்த பெண்ணுக்கு மூன்று மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. முதல் மாதம் என் கையிலிருந்து கொடுத்தேன், அடுத்த மாதம் அவளே வேண்டாம் என்றாள். பிறகு அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் எடுத்து வைத்திருந்த அளவுக்கு ஒழுங்கான டேட்டா அதற்குப் பிறகு எனக்கு அமையவில்லை.

அதிலிருந்து நான் வைத்திருக்கிற பழக்கம் இது. கிராண்ட் சாங்ஷன் ஆன அன்றே ஒரு பாக்ஸ் ஃபைல் வாங்குவேன். சாங்ஷன் கடிதம், எத்திக்ஸ் கடிதம், ஒவ்வொரு பில்லின் நகல், ஒவ்வொரு மாதச் சம்பளப் பட்டியல் எல்லாம் தேதி வரிசையில் அதில் போகும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நானே போய், எந்தத் தலைப்பில் எவ்வளவு மீதி என்று இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்ப்பேன். சம்பளத் தலைப்புப் பணத்தை எடுத்து மெஷினுக்குப் போடவே கூடாது. மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டி எழுதிக் கேட்டு, அனுமதி வந்த பிறகுதான். ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தை பிப்ரவரியிலேயே நிரப்பத் தொடங்கிவிடுவேன். அக்கவுண்ட்ஸில் இருக்கிறவர்களை எதிரியாகப் பார்க்காதே. அவர்களுக்கும் இந்தப் படிவம் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வரும். என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிய சூப்பரின்டெண்டென்ட் சார், ரிட்டயர் ஆகும்போது அந்த ஃபைலின் ஒரு நகலை அடுத்து வந்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேப்பர், பெயர், பதவி

புரொமோஷனுக்கு எந்தப் பேப்பர் கணக்கில் வரும் என்பதை ஸ்டாஃப் ரூம் பேச்சில் முடிவு செய்யாதே. 2022-ஆம் ஆண்டு என்.எம்.சி. விதிமுறை, ஒரிஜினல் ஆய்வு, மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவியூ, கேஸ் சீரிஸ் ஆகியவற்றைத்தான் ஏற்றது. தனி கேஸ் ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆசிரியர் வரிசையில் முதல் மூவரில் ஒருவராகவோ கரஸ்பாண்டிங் ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றும், மெட்லைன், ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. மாதிரியான பட்டியல்களில் அந்த ஜர்னல் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025-ல் ஆசிரியர் தகுதிக்குப் புதிய விதிமுறை வந்திருக்கிறது. அரசிதழை இறக்கி உன் பதவிக்கான பக்கத்தை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வை.

யார் பெயர் எங்கே என்பதை முதல் நாளே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேள். வேலை செய்யாத பெரியவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினால், சர்வதேச ஜர்னல் ஆசிரியர்கள் வகுத்த நான்கு நிபந்தனைகளை எடுத்து மரியாதையாக நீட்டு: திட்டமிடலிலோ டேட்டாவிலோ பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு. உன் பி.ஜி.யின் தீசிஸிலிருந்து வரும் பேப்பரில் அந்த மாணவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். நீ உன் மேலதிகாரியிடம் எதிர்பார்க்கிற நியாயத்தை உன் மாணவருக்கும் கொடு.

"டியர் எமினென்ட் டாக்டர்" என்று ஆரம்பித்து, நான்கு நாளில் பிரசுரம் என்று சொல்லி வருகிற மெயிலைத் திறக்காமலே அழி. வாட்ஸ்ஆப்பில் ஆசிரியர் இடத்தை விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். தங்கச்சி, அந்தப் பக்கம் போகவே போகாதே. எழுதாத கட்டுரையில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், அதை நீக்குவதற்குள் ஆயுசு போய்விடும். நல்ல ஜர்னல் படிக்கக் காசில்லை என்ற காரணமும் அரசுக் கல்லூரிக்காரர்களுக்கு இப்போது இல்லை. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. லைப்ரேரியனிடம் போய் லாகின் கேள். இன்னும் பதியவில்லை என்றால், பதியச் சொல்லி நீயே கடிதம் கொடு.

எல்லோரும் லேபிலும் டிரையலிலும்தான் வளர வேண்டும் என்றும் இல்லை. உனக்குப் பாடம் நடத்துவதில்தான் உயிர் என்றால், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யின் ஃபெய்மர் ஃபெல்லோஷிப்பைப் பார். மருத்துவக் கல்வியிலேயே ஆராய்ச்சி செய்யப் பழக்குகிறார்கள். அங்கே படித்த பலர் இன்று தங்கள் கல்லூரியின் கல்விப் பிரிவைத் தாங்கி நடத்துகிறார்கள்.

ரிஜெக்ட் ஆகி வரும். எனக்கும் வந்தது, ஒருமுறை இரண்டுமுறை இல்லை. வந்த அன்று கமென்ட்டைப் படிக்காதே. மூன்றாம் நாள் எடுத்து, ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் நீ செய்யப்போவது என்று எழுது. "சாம்பிள் சைஸ் போதாது" என்று ஒருவர் எழுதிய ஒரே வரிதான், எங்களைப் பக்கத்து மாவட்டக் கல்லூரியோடு சேர வைத்தது. அந்தத் தடவைதான் கிடைத்தது.

இந்த வாரத்துக்கு உனக்கு ஒரே வேலைதான். லாங் சைஸ் நோட்டு ஒன்று, ஸ்கேல், கட்டித் தொங்கவிட ஒரு பேனா. கட்டங்களை நீயே தீர்மானிக்காதே. நைட் டியூட்டி நர்ஸிடம் ஒரு தடவை காட்டிக் கேட்டுவிட்டுப் போடு. தீபாவளிக்கு வரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு வா. முறுக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, நாம் இருவரும் சாம்பிள் சைஸ் போட்டுப் பார்ப்போம். பையனை அம்மா பார்த்துக்கொள்வாள்.